முதலில் எடை, பிறகு மோட்டார்

வயதானவருக்கு மின்சைக்கிள் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "மோட்டார் எத்தனை வாட்?" அடுத்தது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" அதற்கடுத்தது விலை. வண்டி எத்தனை கிலோ என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சைக்கிள் விற்பதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அறுபதைத் தாண்டியவருக்கு வண்டி தேர்ந்தெடுக்கும்போது எடையைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். அந்த எடைக்குள் அடங்கும் மோட்டாரையும் பேட்டரியையும் பிறகு தேட வேண்டும். மோட்டார் வண்டி ஓடும்போது மட்டுமே உதவுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும், சிக்னலில் காலூன்றும்போதும், வாசற்படியில் ஏற்றும்போதும், சந்தில் திருப்பி நிறுத்தும்போதும் வண்டியின் முழு பாரத்தையும் தாங்குவது ஓட்டுபவரின் கையும் காலும் இடுப்பும்தான். வயதான உடம்பு தடுமாறுவதும் இந்த இடங்களில்தான்.

ஓடும் வண்டியில் எடை எவ்வளவு தொந்தரவு தருகிறது என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 25 கிலோ, ஆக மொத்தம் 90 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சமதளச் சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போக டயர் உராய்வுக்கும் காற்றின் எதிர்ப்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 55 வாட் சக்தி போதும். அதே ஆள் 17 கிலோ வண்டியில் போனால் மிச்சமாவது வெறும் 3 வாட். மேம்பாலம் மாதிரி 30 அடிக்கு ஓரடி உயரும் மேட்டில் 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, கனமான வண்டிக்கு 135 வாட் வேண்டும். இலேசான வண்டிக்கு 124 வாட். எட்டு கிலோ குறைத்ததற்குக் கிடைத்த லாபம் மேட்டில் 11 வாட்தான். 250 வாட் மோட்டாருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. "எடை பெரிய விஷயமில்லை, மோட்டார் இழுத்துக்கொள்ளும்" என்று விற்பனையாளர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. வண்டி ஓடும் நேரத்தை மட்டும் வைத்துச் சொல்கிற அரை உண்மை அது.

நிற்கும் நேரத்தின் கணக்கு வேறு. வண்டி நேராக நிற்கும்போது 25 கிலோவும் தரையில்தான் இருக்கிறது. பிடித்திருப்பவருக்குப் பாரமே தெரியாது. சற்றுச் சாய்ந்தால் கைக்கு வந்து சேர்கிறது. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்திலும் ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், பத்து டிகிரி சாய்ந்த 25 கிலோ வண்டியைத் தாங்க இரண்டரை கிலோ விசை போதும். நாற்பது டிகிரி சாய்ந்துவிட்டால் ஒன்பதரை கிலோவுக்கு மேல் வேண்டும். அதுவும் உடம்பை விட்டு விலகி நீண்டிருக்கும் ஒரு கையால், கண்ணிமைக்கும் நேரத்தில். 17 கிலோ வண்டிக்கு அதே சாய்வில் ஆறரை கிலோ போதும். இளைஞனுக்கு இந்த மூன்று கிலோ வித்தியாசம் பெரிதல்ல. தோள் இறுகிப்போன எழுபது வயதுக்காரருக்கு வண்டியைப் பிடிப்பதும் விடுவதும் அந்த மூன்று கிலோவில்தான் தீர்மானமாகிறது. வண்டியின் மேல் உட்கார்ந்து ஒற்றைக்கால் ஊன்றியிருக்கும்போது சாய்ந்தால், அவருடைய சொந்த எடையும் அந்தக் காலின் மேலேயே வந்து சேரும். வாசலில் இரண்டு படி இருந்தால், ஒவ்வொரு நாளும் இரண்டு முறை முன்சக்கரத்தைத் தூக்கியாக வேண்டும். அங்கே எந்த மோட்டாரும் கை கொடுப்பதில்லை.

வயது உடம்பில் என்ன செய்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதுமையில் தசையின் பலம் குறைகிறது. அதைவிட வேகமாகக் குறைவது, அந்தப் பலத்தைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன். மெதுவாக ஒரு பையைத் தூக்க முடிகிறவரால், வண்டி சரியும் அரை நொடியில் காலை எட்ட வைத்து ஊன்ற முடிவதில்லை. சமநிலை உணர்வு மந்தமாகிறது, கழுத்து திரும்பும் கோணம் சுருங்குகிறது, எலும்பு மெலிகிறது. நடுவயதில் சிராய்ப்போடு போகும் விழுகை எழுபதில் இடுப்பெலும்பு முறிவாகிவிடுகிறது. சைக்கிள் நாடான நெதர்லாந்தில் 2017-ஆம் ஆண்டு சாலை விபத்தில் இறந்த சைக்கிளோட்டிகள் 206 பேர். காரில் சென்று இறந்தவர்களோ 201 பேர். சைக்கிளில் இறந்தவர்களில் கால்வாசிக்கு மேல் மின்சைக்கிளில் சென்றவர்கள். அங்கே மின்சைக்கிளை அதிகம் ஓட்டுவது முதியவர்கள் என்பதையும், அவர்கள் முன்னைவிட அதிக தூரம் ஓட்டுகிறார்கள் என்பதையும் மறந்துவிட்டு இந்த எண்ணைப் படிக்கக் கூடாது. மின்சைக்கிள் ஆபத்தானது என்பதல்ல இதன் பொருள். அது முதியவரின் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்பதுதான். முதியவர்கள் வண்டியில் ஏறிக் கிளம்பும் அந்தச் சில நொடிகளை மட்டும் தனியாக எடுத்து அந்நாட்டு ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ட்வென்டே பல்கலைக்கழகம் உருவாக்கிய 'சோஃபி' என்ற சோதனை மின்சைக்கிளில், வேகம் குறைந்ததும் சீட் தானாகத் தாழ்ந்து கால் தரையைத் தொடும்படி செய்திருந்தார்கள். பிரச்சினை கிளம்புவதிலும் நிற்பதிலும் இருக்கிறது என்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு சக்தி வேண்டும்? நம் நாட்டுச் சட்டமே ஒரு எல்லை போட்டிருக்கிறது. மோட்டாரின் அரைமணி நேர சக்தி 250 வாட்டுக்குள்ளும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதே எல்லைதான். ஆனால் அதே விதி பேட்டரி நீங்கலாக 60 கிலோ வரை எடையை அனுமதிக்கிறது. அதனால் எடை விஷயத்தில் சட்டம் நமக்குத் துணை வராது; நாமேதான் கவனிக்க வேண்டும். வாட் என்று ஒட்டியிருக்கும் எண்ணை வைத்து மட்டும் மோட்டாரை மதிப்பிடவும் முடியாது. 36 வோல்ட் பேட்டரியிலிருந்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுக்க விட்டால், 250 வாட் என்று எழுதிய மோட்டாருக்குள் சிறிது நேரம் 540 வாட் மின்சாரம் பாயும். உண்மையில் பார்க்க வேண்டியது டார்க் எனப்படும் திருப்புவிசை. 26 அங்குலச் சக்கரத்தின் மையத்தில் அமர்ந்து 30 நியூட்டன்-மீட்டர் தரும் ஹப் மோட்டார் ஏறக்குறைய 90 நியூட்டன் தள்ளுவிசை கொடுக்கும். நாம் மேலே பார்த்த மேம்பால மேட்டுக்குத் தேவை சுமார் 40 நியூட்டன். தஞ்சாவூர், மதுரை, சென்னை போன்ற ஊர்களில் மேம்பாலத்தைவிடப் பெரிய மேடு அபூர்வம். அங்கே 30 முதல் 40 நியூட்டன்-மீட்டருக்கு மேல் வாங்குவது பயனில்லாத பாரம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களின் கதை வேறு. செங்குத்தான ஏற்றத்தில் ஹப் மோட்டார் மெதுவாகச் சுழன்று சூடேறிவிடும். பெடல் அச்சில் அமர்ந்து கியரைப் பயன்படுத்திக்கொள்ளும் மிட் டிரைவ் மோட்டார்தான் அங்கே பொருத்தம்.

எவ்வளவு சக்தி என்பதைவிட, அந்தச் சக்தி எப்படி வந்து சேர்கிறது என்பது வயதானவருக்கு முக்கியம். விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். மிதிக்கத் தொடங்கிச் சற்றுத் தாமதமாக மோட்டார் விழித்துக்கொண்டு ஒரேயடியாகத் தள்ளும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளிக்கொண்டிருக்கும். நெரிசலில் மெதுவாகத் திரும்பும்போது இந்தத் திடீர் தள்ளல்தான் கையை உதற வைக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கும் டார்க் சென்சார் இருந்தால், மெதுவாக மிதித்தால் மெதுவாகவும் அழுத்தி மிதித்தால் அழுத்தமாகவும் உதவி கிடைக்கும். வண்டி தன் காலுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை ஓட்டுபவருக்கு வரும். 500 வாட் மோட்டாரும் மலிவு சென்சாரும் கொண்ட வண்டியைவிட, 250 வாட் மோட்டாரும் டார்க் சென்சாரும் கொண்ட வண்டி முதியவருக்கு எந்த நாளிலும் மேல். டார்க் சென்சார் விலைக்கு எட்டவில்லையென்றால், உதவியின் முதல் படி மிக மெதுவாகத் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பிடித்த அதே கணத்தில் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் இரண்டு பிரேக்கிலும் இருந்தாக வேண்டும். மிதிக்காமலேயே கையால் மோட்டாரை இயக்கும் த்ராட்டிலைப் பலர் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நின்ற இடத்திலிருந்து முதல் இரண்டு மிதிக்கு முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க அது நல்ல துணை.

பேட்டரியில்தான் பலரும் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். 36 வோல்ட்டையும் 7.8 ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் 280 வாட்-மணி. கூட மிதித்துக்கொண்டு போனால் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட்-மணி என்று தாராளமாகக் கணக்கிடலாம். அப்படிப் பார்த்தால் ஒரு சார்ஜுக்கு 28 கிலோமீட்டராவது வரும். சில ஆண்டுகளில் பேட்டரி தேய்ந்து நாலில் ஒரு பங்கு குறைந்தாலும் 20 கிலோமீட்டர் மிஞ்சும். காய்கறிக் கடை, கோயில், நூலகம், நண்பர் வீடு என்று வயதானவர் ஒரு நாளில் சுற்றும் தூரம் பெரும்பாலும் இதில் பாதிகூட இராது. 500 வாட்-மணி பேட்டரி வாங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். அந்தப் பேட்டரியைச் சுமக்கத் தடித்த சட்டமும் தடித்த ஸ்டாண்டும் வரும்போது மொத்த எடை அதற்கு மேலும் ஏறும். தினமும் போகும் தூரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொண்டு அதற்கேற்ற பேட்டரி வாங்கினால் போதும். அது கழற்றி எடுக்கும்படி இருப்பது நல்லது. வண்டியைப் படியேற்றும் முன் இரண்டு மூன்று கிலோவைத் தனியாக எடுத்துவிடலாம். சார்ஜ் போட வண்டியையே வீட்டுக்குள் கொண்டுவரும் அவசியமும் இருக்காது.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் ஹப் மோட்டார், கேரியரின் அடியில் பேட்டரி, கேரியரின் மேல் அரிசிப் பை என்று எல்லாம் பின்னாலேயே சேர்ந்தால், வண்டியைத் தள்ளும்போது பின்பாகம் தனக்கென்று ஒரு திசையில் சாயப் பார்க்கும். பேட்டரி பெடலுக்கு மேலே, சீட்டுக்கு முன்னால், தாழ்வாக இருக்கும் அமைப்பு சிறந்தது. மேல் குழாய் இல்லாத, நாம் 'லேடீஸ் சைக்கிள்' என்று சொல்லும் தாழ்ந்த சட்டத்தை ஆண்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்டி கட்டியவருக்கும் சேலை கட்டியவருக்கும் காலைப் பின்னால் வீசித் தூக்காமல் ஏறி இறங்க அதுதான் வசதி. காலைத் தூக்கி வீசும் அந்த அசைவில் ஒற்றைக்காலில் உடம்பும் வண்டியும் சேர்ந்து நிற்கின்றன. வயதான காலத்தில் தவிர்க்க வேண்டிய முதல் அசைவு அது. கௌரவம் பார்த்து உயரமான சட்டத்தை வாங்குவதில் எந்தப் பெருமையும் இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் படும் உயரத்தில் சீட்டை வைக்க வேண்டும். மிதிப்பதற்கு அது கொஞ்சம் தாழ்வுதான். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டிவிடும். முதியவருக்காக மோட்டாரின் சக்தியைச் செலவிட வேண்டிய சரியான இடம் அது.

கனமான வண்டிதான் சாலையில் ஆடாமல் நிற்கும், இலேசான வண்டியைக் காற்றே தள்ளிவிடும் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. ஓடும் சைக்கிளை நிமிர்த்தி வைப்பது அதன் வேகமும் ஹேண்டில்பாரில் ஓட்டுபவர் செய்யும் சிறுசிறு திருத்தங்களும்தான். 65 கிலோ மனிதரும் வண்டியும் சேர்ந்த மொத்தத்தில் எட்டு கிலோ கூடுவதால் பெரிய நிலைத்தன்மை வந்துவிடாது. சற்று அகலமான டயரும் நீளமான சக்கர இடைவெளியும் அதைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யும். பஸ்ஸும் லாரியும் துரத்தும் சாலையில் சட்டென்று முன்னேறித் தப்பிக்கப் பெரிய மோட்டார் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். சட்டப்படி ஓடும் மின்சைக்கிள் எதுவும் 25 கிலோமீட்டருக்கு மேல் உதவாது. பஸ்ஸிடமிருந்து வேகத்தால் தப்பிக்கும் வண்டி அல்ல இது. நின்ற இடத்திலிருந்து மூன்று நொடியில் எட்டு கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிட்டால் வண்டி தள்ளாட்டத்தைத் தாண்டிவிடும். 90 கிலோ மொத்த எடைக்கு அதற்குத் தேவை 100 வாட்டுக்கும் குறைவு. சின்ன மோட்டாரே அதைத் தரும். "அந்தக் காலத்தில் 20 கிலோ சைக்கிளில் மூட்டை ஏற்றி ஓட்டினோமே" என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அன்று ஓட்டிய கால்களின் வயது முப்பது. பாரம் அதேதான், அதைத் தாங்கும் உடம்பு மாறிவிட்டது.

இலேசான வண்டி விலை அதிகம் என்பது நியாயமான எதிர்வாதம். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த டர்போ வாடோ எஸ்.எல். சுமார் 15 கிலோதான். 35 நியூட்டன்-மீட்டர் மோட்டாரும் 320 வாட்-மணி பேட்டரியும் கொண்ட அந்த வண்டி, அதே நிறுவனத்தின் பெரிய மோட்டார் வைத்த வாடோவைவிட மிக இலேசு. முதியவர்கள் அதிகம் வாங்கும் சந்தைகளில் சக்தியைக் குறைத்து எடையைக் குறைக்கும் வழியும் மதிக்கப்படுகிறது என்பதற்கு அது சாட்சி. அத்தகைய வண்டியின் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. ஆனால் நம் ஊர் வண்டிகளில் எடை ஏறுவதற்குக் காரணம் மலிவான உலோகம் மட்டுமல்ல, வேண்டாத உறுப்புகளும்தான். முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க், சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். நாலு அங்குலத் தடித்த டயர்களும் அவற்றுக்கேற்ற ரிம்மும் மூன்று நான்கு கிலோவைச் சேர்க்கும். இருபத்தொரு கியர் சமதளத்து ஊரில் தேவையே இல்லை. குண்டும் குழியுமான சாலைக்கு ஸ்பிரிங் ஃபோர்க் வேண்டாமா என்றால், இரண்டு அங்குல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்து, ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் போட்டால் முதியவர் ஓட்டும் வேகத்துக்குப் போதும். இவற்றை விலக்கினால் விலையும் குறையும், எடையும் குறையும். வேண்டாததைக் கழிப்பதற்குப் பணம் தேவையில்லை.

மின்ஸ்கூட்டரே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு சார்ஜில் நல்ல தூரம் ஓடும் ஸ்கூட்டர்கள் நூறு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கின்றன. ஸ்கூட்டரில் பழகிய கை இருந்தால், முழங்கால் அறவே மடங்காது என்றால், அது சரியான தேர்வாக இருக்கலாம். சாய்ந்த நூறு கிலோவைத் தனியாக நிமிர்த்த முடியுமா என்பதை மட்டும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். மிதிக்க முடிகிறவருக்கு ஸ்கூட்டர் ஒரு இழப்பு. மின்சைக்கிளில் மிதிப்பது மிதிப்பதுதான். காலும் இதயமும் வேலை செய்கின்றன, மூச்சு வாங்காத அளவில். மூன்று சக்கரச் சைக்கிள் நிற்கும்போது விழாது என்பது உண்மை. சமநிலை மிகக் குறைந்தவருக்கு அதுவே ஏற்றது. ஆனால் அது திருப்பத்தில் சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்சக்கரம் தூக்கிக்கொள்ளும். அகலம் அதிகம் என்பதால் சந்தில் நுழையாது, எடையும் கூடுதல். இரண்டு சக்கரத்தில் பழகியவர் மூன்று சக்கரத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

ஆக, வாங்கும் முறை இதுதான். எடையை விளம்பரத் தாளில் தேடாதீர்கள். பல நிறுவனங்கள் எழுதுவதில்லை. எழுதினாலும் பேட்டரி இல்லாத எடையாக இருக்கலாம். பெட்டி எடை பார்க்கும் தூக்குத் தராசில் முன்சக்கரப் பக்கத்தையும் பின்சக்கரப் பக்கத்தையும் தனித்தனியாகத் தூக்கிக் கூட்டினால் மொத்த எடை வந்துவிடும். ஓட்டுபவரின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத வண்டி என்பது நான் வைத்திருக்கும் அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 20 கிலோ, 50 கிலோ உள்ளவருக்குப் பதினாறு பதினேழு. அதற்குப் பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு ஓட்டுபவரே சில காரியங்களைச் செய்து பார்க்க வேண்டும். ஸ்டாண்டை எடுத்து வண்டியைப் பத்தடி பின்னால் தள்ள வேண்டும். குறுகிய இடத்தில் முழுவட்டம் திருப்ப வேண்டும். முன்சக்கரத்தை ஒரு படி ஏற்ற வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்த்துத் திரும்ப நிமிர்த்த வேண்டும். ஏறி, நின்று, இறங்க வேண்டும். மோட்டார் உதவியில்லாமல் தெருக்கோடி வரை மிதித்துப் போய்வர வேண்டும். பேட்டரி பாதி வழியில் தீர்ந்தாலும் வீடு வந்துசேர முடியுமா என்பதற்கு அதுவே விடை. இவை அனைத்திலும் தேறிய வண்டிகளுக்குள், தன் ஊரின் மிக மோசமான மேட்டை ஏறும் மிகச் சிறிய மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மின்சைக்கிளைப் பரிசாக அனுப்பும் உங்கள் அன்பை நான் மதிக்கிறேன். தயவுசெய்து இணையத்தில் அதிக வாட்டைப் பார்த்து வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அருகில் இருப்பவர் யாரிடமாவது அவர்களைக் கடைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள், அவர்கள் கையாலேயே வண்டியைத் தள்ளிப் பார்க்கட்டும். தயாரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டாரின் வாட்டை எழுதும் அதே பெரிய எழுத்தில், பேட்டரியோடு சேர்த்த எடையையும் வண்டியில் எழுதுங்கள். முதியவருக்கு நல்ல மின்சைக்கிள் என்பது அவரால் நிறுத்தவும், தாங்கவும், நிமிர்த்தவும் முடிந்த வண்டிதான். அது முடிந்த பிறகே மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும்.